மறிக்கக்கூடியவர்கள்

1944 மே 30ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலை ஒட்டியிருந்த அரசாங்க சபையில், கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தன் விசேட குழுவின் அறிக்கையை முன்வைத்துப் பேசினார். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லாத கல்வி வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் உயிர்நாடி. அப்போது அந்தச் சபைக்குச் சபாநாயகர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் வேலணையில் பிறந்தவர்; ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினர்; 1936 முதல் 1947 வரை அந்த ஆசனத்தில் இருந்தவர். இலங்கையின் பள்ளிக்கூடங்களை மாற்றிப்போட்ட விவாதம், ஒரு தீவுப்பகுதி மனிதர் தலைமை வகித்த சபையில் நடந்திருக்கிறது.

நம்மவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது வேறொன்று. பெரும்பாலானோருக்கு நன்மை தரும் ஒரு சட்டம் ஏன் அவ்வளவு இலகுவில் நிறைவேறுவதில்லை? கடைசியில் நிறைவேறும்போது ஏன் அது முதலில் எழுதியவர் நினைத்த வடிவில் இருப்பதில்லை? அரசியலை அறிவியலாகப் படிப்பவர்கள் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய வடிவகணிதம் போன்ற ஒரு விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த விடையை நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

முதலில், அன்றைய நிலை. தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்த பாடசாலைகளில் அப்போதே கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் கற்பித்த கல்லூரிகளில்தான் மாதா மாதம் பணம் கட்டவேண்டும். எழுதுவினைஞர் வேலை தொடங்கி வைத்தியர், வழக்கறிஞர் வரை எல்லா உத்தியோகமும் ஆங்கிலத்துக்குள் இருந்தன. ஆகவே நயினாதீவிலே ஒரு பிள்ளை தமிழில் ஐந்து வகுப்பு இலவசமாகப் படிக்கலாம். அதற்குப் பிறகு கடலைக் கடக்கவும் வேண்டும், கட்டணத்தைக் கடக்கவும் வேண்டும். கன்னங்கரா நீக்கப் பார்த்தது இந்த இரண்டாவது தடையை.

பாடசாலைகள் யாருடையவை என்பதும் முக்கியம். தீவுப்பகுதியில் இன்றும் சில பாடசாலைப் பெயர்களில் றோ.க.த.க. என்ற எழுத்துகளைக் காணலாம்: றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். குடாநாட்டில் அதற்கு இணையாக அ.மி.த.க., அமெரிக்க மிசன். இவற்றுக்கு எதிரே சைவப் பிள்ளைகளுக்கென்று எழுந்தவை சைவப்பிரகாச, கணேச, நாகபூசணி என்ற பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. எல்லாவற்றுக்கும் அரசாங்கம் உதவி நன்கொடை கொடுத்தது. முகாமை மட்டும் மிசனிடமோ சங்கத்திடமோ இருந்தது. அதாவது ஆசிரியரை நியமிப்பதும் விலக்குவதும் முகாமையாளர். சம்பளத்தின் பெரும் பங்கைத் தருவது திறைசேரி. யாருடைய பாடசாலையில் பிள்ளை படிக்கிறதோ அவருடைய சமயம் அந்தப் பிள்ளையை எட்டும் என்ற அச்சம் எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

இனி அந்த வடிவகணிதம். ஜோர்ஜ் செபெலிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2002இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதை விரிவாக எழுதினார். ஒரு சட்டத்தை மறிக்கக்கூடிய ஆட்கள் அல்லது அமைப்புகள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். மறிக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஓர் இலட்சிய நிலை உண்டு. அதைத் தாளில் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். இன்றைய நிலையையும் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அவருடைய புள்ளியை மையமாக வைத்து, இன்றைய நிலையைத் தொடும்படி ஒரு வட்டம் கீறுங்கள். அந்த வட்டத்துக்குள் விழும் எந்தச் சட்டமும் அவருக்கு இன்றைய நிலையைவிடப் பரவாயில்லை. எல்லாருடைய வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் எதுவோ, அந்தச் சிறு பரப்பில்தான் சட்டம் பிறக்க முடியும். மறிப்பவர் ஒருவர் கூடினால் பரப்பு சுருங்கலாம், விரியாது. அவர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் தூரமாக நின்றால் பரப்பே இல்லாமல் போகலாம்.

இதிலிருந்து ஓர் அழகான முடிவு கிடைக்கிறது. மறிப்பவருடைய மனத்தை மாற்றாமலே அவரைச் சம்மதிக்கவைக்க வழி இருக்கிறது. இன்றைய நிலை என்ற புள்ளி அவரை விட்டுத் தூரப்போனால் அவருடைய வட்டம் தானாகப் பெருக்கும். அதாவது, மறுத்தால் நடக்கப்போவது இப்போதையதைவிட மோசம் என்றாகிவிட்டால், நேற்று ஏற்காததை அவர் இன்று ஏற்பார். அவருடைய கொள்கை இம்மியும் நகர்ந்திருக்காது.

இலங்கையில் அந்தப் புள்ளியை நகர்த்தியது 1931இன் சர்வசன வாக்குரிமை. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயதான ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். தோட்டம் கொத்துகிறவரும் வலை இழுக்கிறவரும் வாக்காளரானார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை என்ற குறை அதுவரை வீட்டுத் திண்ணையில் இருந்தது. இப்போது அது தேர்தல் மேடையில் கேட்டது. கட்டணத்தை ஆதரிக்கும் உறுப்பினருக்கு அடுத்த தேர்தல் கசக்கும் என்ற நிலை வந்தது. (வடக்கில் மட்டும் கதை வேறு மாதிரித் தொடங்கியது. டொனமூர் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்க அழைத்ததால், ஊர்காவற்றுறை உட்பட வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. கன்னங்கரா கல்விக் குழுவுக்குத் தலைவரான முதல் மூன்று ஆண்டுகளில் தீவுப்பகுதிக்கு அந்தச் சபையில் ஆளே இல்லை. கொள்கைக்காகச் செய்த தியாகம் என்று அதை நான் மதிக்கிறேன். ஆனால் பேரம் பேசும் மேசையில் வெறும் நாற்காலிக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.)

அந்தச் சபை ஒரு வினோதமான சபை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 50 பேர், நியமனம் பெற்றவர்கள் 8 பேர், அரசாங்க உத்தியோகத்தர் 3 பேர். கட்சிக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு தலைவரைச் சம்மதிக்க வைத்தால் முப்பது வாக்கு விழும் என்ற வசதி கன்னங்கராவுக்கு இருக்கவில்லை. ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைக்கவேண்டும். பணப்பெட்டிச் சாவியோ மக்கள் தேர்ந்தெடுக்காத நிதிச் செயலாளரிடம். கட்டணத்தை எடுத்துவிட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது அவருடைய பக்கத்துக் கேள்வி. அது நியாயமான கேள்விதான். அவரையும் மீறி, சக அமைச்சர்களையும் இணங்கவைத்து, கடைசியில் 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

ஆனால் மிகக் கடினமான பேரம் திறைசேரியோடு நடக்கவில்லை; சமய நிறுவனங்களோடு நடந்தது. விசேட குழுவிலேயே கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியின் பீற்றர் பிள்ளை அடிகளார் போன்றோர் பெரும்பான்மை முடிவோடு உடன்படவில்லை. அவர்கள் நிலையில் நின்று கணக்குப் பாருங்கள். ஒரு கல்லூரிக்கு வருமானம் இரண்டு கால்களில் நிற்கிறது: மாணவர் கட்டணம், அரசாங்க நன்கொடை. கட்டணம் போனால் நன்கொடை மட்டும்தான். நன்கொடை மட்டும் என்றால் அதைத் தருகிறவரின் சொல்லுக்கு எல்லாவற்றிலும் கட்டுப்படவேண்டும். ஆசிரியரை யார் நியமிப்பது, எந்தச் சமயம் கற்பிப்பது என்பதெல்லாம் மெல்ல மெல்லக் கைமாறும். அவர்கள் பயந்தது பிள்ளைகள் இலவசமாகப் படிப்பதற்காக அல்ல என்றே நான் நம்புகிறேன். பயந்தது அந்தக் கைமாற்றத்துக்கு.

விடை ஒரு தெரிவாக வந்தது. இலவசத் திட்டத்துக்குள் வந்தால் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தரும், முகாமை உங்களிடமே இருக்கும். வராவிட்டால் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், நன்கொடை கிடையாது. தெரிவுசெய்யக் காலக்கெடு. அந்தக் கெடு முதலில் 1948 என்றிருந்து, பிறகு 1951 வரை நீண்டது. இதைப் பலவீனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பேரத்தின் நுட்பமாகவே தெரிகிறது. கெடு இருக்கும்வரை எந்த முகாமையாளரும் தோற்றுவிட்டதாக உணரவில்லை. அதற்கிடையில் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கட்டணமில்லாமல் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களை வெளியே அனுப்ப எந்தக் கல்லூரிக்கும் மனம் வராது, துணிவும் வராது. இன்றைய நிலை என்ற புள்ளி நகர்ந்துவிட்டது.

அதே 1944இல் லண்டனிலும் இதே பேரம் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆர். ஏ. பட்லர் இங்கிலாந்தின் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அவரை மறிக்கக்கூடியவர்கள் அங்கிலிக்கன், கத்தோலிக்கத் திருச்சபைகளே. அவர் இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தார். செலவு முழுவதையும் அரசு ஏற்க, கட்டுப்பாட்டின் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பது ஒன்று. கட்டடச் செலவில் பாதியைத் திருச்சபையே சுமந்து, சமய உரிமையை வைத்துக்கொள்வது மற்றது. அங்கிலிக்கன் பாடசாலைகள் பல முதற்கதவால் போயின. கத்தோலிக்கர் இரண்டாவதால் போனார்கள். இவ்வளவு கவனமாகக் கட்டிய சட்டத்தை, எதிர்பாராத ஒரு திருத்தம் ஆட்டிவைத்தது. ஆசிரியைகளுக்கும் சம சம்பளம் என்ற திருத்தம் மார்ச் மாதம் 117க்கு 116 என்று ஒரே ஒரு வாக்கால் வென்றது. சேர்ச்சில் அதையே தன் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி, மறுபடி வாக்கெடுக்க வைத்துத் தோற்கடித்தார். போர் நடுவே அரசைக் கவிழ்க்க யாருக்கும் மனமில்லை. நியாயமான ஒரு கோரிக்கை அப்படி நசுக்கப்பட்டது எனக்கு இன்றும் ஏற்க முடியாத ஒன்று.

திருத்தம் ஒரு சட்டத்தைக் கொல்லவும் செய்யும். 1956இல் அமெரிக்க மக்கள் சபையில், பாடசாலைக் கட்டடங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் மசோதாவுக்கு, கறுப்பினப் பிள்ளைகளை ஒதுக்கும் பாடசாலைகளுக்குப் பணம் கிடையாது என்று ஆடம் கிளேற்றன் பவல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவருடைய நோக்கம் தூயது. ஆனால் மசோதாவையே விரும்பாத சிலர் அந்தத் திருத்தத்துக்கு மகிழ்ச்சியோடு வாக்களித்தார்கள். திருத்தம் ஏறினால் தென் மாநில உறுப்பினர்கள் முழு மசோதாவையும் எதிர்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படியே நடந்தது, மசோதா விழுந்தது. வில்லியம் ரைக்கர் என்ற அறிஞர் இதை வைத்தே ஒரு கோட்பாட்டை எழுதினார்: எதை எந்த ஒழுங்கில் வாக்குக்கு விடுகிறோம் என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

கொழும்பில் அந்த மே மாதம் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. கன்னங்கரா பேசுவதற்குச் சில நாள் முன், மே 24ஆம் திகதி, ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரச மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்திருந்தார். திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா அதில் தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை முன்வைத்தார். திருத்தத்தோடு பிரேரணை 27க்கு 2 என்று நிறைவேறியது. ஒரு சொல்லைச் சேர்த்ததால் எதிர்த்திருக்கக்கூடியவர்கள் உள்ளே வந்தார்கள். தாய்மொழிக் கல்வியையும் இலவசக் கல்வியையும் ஒன்றாகக் கேட்ட அறிக்கை, இந்த இணக்கம் இன்னும் சூடு ஆறாதிருந்த வாரத்தில் சபைக்கு வந்தது. தாய்மொழி என்றால் இரு மொழியும்தான் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் அதைப் பறித்தபோது, இலவசக் கல்வி தீவுப் பிள்ளைக்குத் திறந்துவிட்ட உத்தியோகக் கதவு பாதி மூடிக்கொண்டது. கட்டணம் திரும்ப வரவில்லை. ஆனால் படித்துப் போக இருந்த இடம் சுருங்கியது.

நெடுந்தீவில் முருகைக்கல் மதில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் சாந்து கிடையாது. கல்லைக் கல் தாங்கி நிற்கிறது; ஒன்றின் பாரமே மற்றதைப் பிடித்துவைக்கிறது. 1945க்கும் 1951க்கும் இடையே எழுந்த ஏற்பாடும் அப்படித்தான் நின்றது. அதை எழுப்பியவருக்கு நன்றி கிடைக்கவில்லை: 1947 தேர்தலில் மத்துகமவில் கன்னங்கரா தோற்றார்.

அந்த ஏற்பாடு 1960இல் குலைந்தது. ஏன் அப்போது என்று கேட்டால், மறிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1960 யூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. நியமன உறுப்பினரையும் நேச இடதுசாரிகளையும் சேர்த்தால் தமிழரசுக் கட்சியின் 16 ஆசனங்கள் இல்லாமலே ஆளலாம். அதே ஆண்டு மார்ச்சில் அமைந்த அரசாங்கத்தை வீழ்த்தத் தேவைப்பட்ட அந்த வாக்குகள் யூலைக்குப் பிறகு தேவைப்படவில்லை. வெல்லப் போதுமான அளவுக்குமேல் யாரும் நண்பர்களைச் சேர்ப்பதில்லை என்று ரைக்கர் 1962இல் எழுதியது இதற்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் கொண்டுவந்த 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி நன்கொடைப் பாடசாலைகளின் முகாமையை எடுத்தது. அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் எடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் கைமாறின. கட்டணமும் இல்லை, நன்கொடையும் இல்லை என்ற நிபந்தனையில் தனியாக நிற்கலாம் என்று பெரிய கல்லூரிகளுக்கு ஒரு வழி விடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார், சென். ஜோன்ஸ், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவை அப்படி நின்றன. தீவுகளின் சிறு பாடசாலைகளுக்கு அது எட்டாத வழி.

கேரளத்தில் இதற்குச் சற்று முன் இதே போர் வேறுவிதமாக முடிந்திருந்தது. 1957இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவுக்குச் சட்டசபையில் பெரும்பான்மை இருந்தது. கிறித்தவ நிறுவனங்களும் நாயர் சங்கமும் தெருவில் இறங்கின. 1959 யூலை 31இல் டெல்லி அந்த அரசைக் கலைத்தது. கேரளத்துக்கு மேலே மறிக்கக்கூடிய ஒரு மத்தி இருந்தது. கொழும்புக்கு மேலே யாரும் இல்லை. இலங்கையின் தெற்கில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து அமர்ந்தபோது, பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து பேசியதோடு அது தணிந்தது. சட்டம் அப்படியே நின்றது.

இந்தப் பாடசாலைச் சுவீகரிப்பு சரியா பிழையா என்று தீவுகளில் இன்னும் இரண்டு கருத்து உண்டு. சமயம் மாறாமல் எந்தப் பாடசாலையிலும் படிக்கலாம் என்ற நிம்மதி பெரியது. முகாமையாளர் ஊரிலேயே இருந்த காலத்தில் கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்று தெரிந்திருந்தது, அது போய்விட்டது. இரண்டையும் நான் உண்மையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உறுத்துவது, பேரத்தில் வராதே போனவை. திறைசேரி தன் பணத்தைக் காத்தது. திருச்சபை தன் முகாமையைச் சில காலம் காத்தது. உறுப்பினர்கள் தங்கள் வாக்காளரைக் காத்தார்கள். கடலைக் கடக்கும் பிள்ளைக்காக மறிக்கக்கூடியவர் யார்? ஊர்காவற்றுறையின் உறுப்பினர் சபாநாயகர். சபாநாயகர் பக்கம் பிடித்து வாதாடுவதில்லை. ஆகவே சட்டத்தில் கட்டணம் இருக்கிறது, சமயம் இருக்கிறது, முகாமை இருக்கிறது, படகு இல்லை. விடுதியோடு கூடிய மத்திய கல்லூரிகளும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் இந்தக் குறைக்குக் கன்னங்கரா தந்த பதில். வேலணையிலும் மத்திய கல்லூரி எழுந்தது. தூரத்தை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று. இருந்தும் அவை திட்டங்கள். திட்டம் பணத்தைப் பொறுத்துச் சுருங்கும், சட்டத்தின் உரிமையைப்போல வழக்காட முடியாது.

இன்றும் நெடுந்தீவுக்குக் கற்பிக்கப் போகிற ஆசிரியர்கள் குறிகாட்டுவான் துறையில் படகேறி ஒரு மணிநேரம் அலையில் போகிறார்கள். கச்சான் காற்று எழுந்தால் பயணம் நிச்சயமில்லை. அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்பாடு ஒரு கொடுப்பனவைத் தருகிறது. அது பாடவேளையைத் தராது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இருக்கிறது. அந்தக் கணக்கில் நெடுந்தீவுப் பிள்ளையும் யாழ் நகரத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டம்.

இலங்கையின் பாடசாலைக் கல்விக்கு இன்னும் அடித்தளமாக இருப்பது 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல அரசாங்கங்களின் காலத்தில் எழுந்திருக்கிறது, இனியும் எழும். அப்போது தீவுகளுக்கு 1944இல் இல்லாத ஒரு பிடி உண்டு. 1987இன் 13ஆம் திருத்தம் பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்திடம் கொடுத்தது. அரசியலமைப்பின் 154எ உறுப்புரைப்படி, மாகாண விடயத்தில் சட்டம் இயற்றுமுன் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் கேட்கவேண்டும். ஒரு சபை உடன்படாவிட்டாலும், நாடு முழுவதுக்குமாக அதை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். செபெலிஸின் மொழியில் சொன்னால், வடக்கு மாகாண சபைக்கும் தாளில் ஒரு புள்ளியும் ஒரு வட்டமும் இருக்கின்றன. படகும், தீவிலேயே தங்கும் ஆசிரியர் விடுதியும், குறைந்தபட்ச ஆசிரியர் தொகையும் சட்டத்தில் எழுதப்படாமல் உடன்பட மாட்டோம் என்று சொல்லும் இடம் அது.

2013இல் முதன்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாண சபைத் தேர்தலைக் கேட்பவர்கள் காணி, பொலிஸ் என்ற இரண்டையே முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். நெடுந்தீவின் பெற்றோரும் ஆசிரியரும் அந்தக் கோரிக்கையில் மூன்றாவதாகப் பாடசாலையைச் சேர்க்கவேண்டும். மசோதா நிறைவேறியபின் சேர்க்க முடியாது.